சுண்டலுக்கு வந்த கொரோனா!

இன்டர்னல் மார்க், அரியர், ஹாஸ்டல் சாம்பார்... எல்லாத்தையும் ஒரு பத்து நிமிஷம் ஓரங்கட்டிட்டு இங்கே வாங்க. இந்த வாரம் நம்ம ஹீரோவை அறிமுகப்படுத்தறேன்.

பெயர்: சுண்டல். வயது: ஒன்பது மாதம். ஊர்: மயிலாப்பூர், சித்திரக்குளம் பக்கம். படிப்பு: சுத்தமாக இல்லை. பொழுதுபோக்கு: எங்கள் ஃப்ளாட் மாடிப்படியில் குறுக்கே படுத்துக்கொண்டு யாருக்கும் வழிவிடாமல் இருப்பது.

ஆமாம், சுண்டல் ஒரு பூனை. எங்கள் மாடிப்படியில் மொத்தம் ஐந்து பேர். அதில் இவன்தான் கடைக்குட்டி.

ரெண்டு மாசம் முன்னாடி சுண்டலுக்கு வயிறு பெருக்க ஆரம்பித்தது. கிரவுண்ட் ஃப்ளோர் மாமிக்கு ஒரே பூரிப்பு. "பாவம்டா, பிள்ளைத்தாச்சி..." என்று தயிர் சாதத்தோடு எக்ஸ்ட்ரா பால் வேறு. நான்தான் மெல்ல இழுத்தேன். "மாமி... சுண்டல் ஆம்பளை!"

விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால், அந்தச் சிரிப்பு ரெண்டு நாள்கூட நிலைக்கவில்லை. முதுகெலும்பை எண்ணிவிடலாம் போல இளைத்துவிட்டான். வயிறு மட்டும் பலூன். தட்டை முகர்ந்து பார்ப்பான், திரும்பிப் படுத்துக்கொள்வான். தொட்டால் அனல். ஒரு அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, ஆட்டோ பிடித்து, தி.நகரில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நானும் மாமியும்.

ஒரு சொட்டு வினிகர் டெஸ்ட்!

டாக்டர் வயிற்றிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்தார். மஞ்சளாக, இழுத்தால் நூல் மாதிரி வந்தது. பிறகு அவர் செய்ததைப் பார்த்து, நம்ம ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு டெஸ்ட் டியூபில் டிஸ்டில்டு வாட்டர். அதில் ஒரு சொட்டு அசெட்டிக் ஆசிட், அதாவது நம்ம வினிகரில் இருக்கிற அதே அமிலம். நன்றாகக் குலுக்கினார். அதன் மேல் சுண்டலின் வயிற்று நீரில் ஒரு சொட்டு.

அந்தச் சொட்டு கரையவே இல்லை. ஜெல்லி மீன் மாதிரி வாலை விட்டுக்கொண்டு அப்படியே மிதந்தது.

இதற்கு ரிவால்டா டெஸ்ட் என்று பெயர். சொட்டு கரைந்து காணாமல் போயிருந்தால், சந்தேகப்படும் நோய் பெரும்பாலும் இல்லை என்று நிம்மதியாகலாம். மிதந்தால், அந்த நீரில் புரதம் நிறைய, உள்ளே அழற்சி இருக்கிறது என்று அர்த்தம். "இது மட்டும் போதாது தம்பி, பி.சி.ஆருக்கும் அனுப்பறேன். ஆனா எனக்கு எஃப்.ஐ.பி. மாதிரிதான் தெரியுது. பூனைக்கு வர்ற கொரோனாவால வர்றது" என்றார் டாக்டர்.

'கொரோனா' என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். 2021-ல் நான் பத்தாவது. ஆல் பாஸ் பேட்ச்! நாங்கள் வீட்டுக்குள் ஜாலியாக இருந்த அதே மே மாசம்தான், மாமியின் வீட்டுக்காரர் ஆக்ஸிஜன் பெட்டில் இருந்தார். ரெம்டெசிவிர் ஊசிக்காக எங்கப்பா கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ராத்திரி பூரா வரிசையில் நின்றார். ஊசி கிடைத்தது. மாமா திரும்பி வரவில்லை. அதன் பிறகுதான் மாமி மாடிப்படிப் பூனைகளுக்குச் சாதம் வைக்க ஆரம்பித்தார்.

அவசரக் கூட்டம்!

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் விஷயம் மொட்டை மாடிவரை ஏறிவிட்டது. அன்றைக்கு சாயங்காலமே அசோசியேஷன் மீட்டிங். செகரட்டரி அங்கிள் நேராக மேட்டருக்கு வந்தார்.

"பூனைக்குக் கொரோனாவாம். வீட்ல பெரியவங்க இருக்காங்க, குழந்தைங்க இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அஞ்சையும் பிடிச்சு பட்டினப்பாக்கம் பீச் பக்கம் விட்டுடலாம்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பூனையைப் பிடிக்காதவர்கள் என்று இல்லை, பயம். அந்த வார்த்தை எல்லா வீட்டிலும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறதே! மாமி மட்டும் என்னைப் பார்த்தார். "நீ இன்ஜினீயரிங் படிக்கிறயோன்னோ, சொல்லேன்டா."

மக்களே, நான் படிக்கிறது எலெக்ட்ரானிக்ஸ். ஆனாலும் "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க அங்கிள்" என்று கேட்டு வாங்கிவிட்டேன். மூணு நாள். டாக்டரைக் கேட்டேன், லைப்ரரியில் உட்கார்ந்தேன், வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படிக்கிற சீனியர் அக்கா ஒருத்தரைப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்துக் கேள்வியாகக் கேட்டேன். மீட்டிங்கில் வந்தது மொத்தம் மூணே கேள்விதான். உங்கள் ஹாஸ்டல் கேன்டீனிலும் நாலு பூனை சுற்றும் இல்லையா? உங்களுக்கும் உதவும். கேளுங்கள்!

கேள்வி 1: நமக்குத் தொத்துமா?

தொத்தாது. 'கொரோனா' என்பது ஒரு வைரஸின் பெயர் இல்லை, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். கோவிட் வைரஸ் அந்தக் குடும்பத்தில் பீட்டா கிளை. பூனைக் கொரோனா ஆல்ஃபா கிளை. இதற்கு நாய்க் கொரோனாவும் பன்றிக் கொரோனாவும் நெருங்கிய சொந்தம். நமக்கு ஒட்டுறவே கிடையாது. இந்த நோயை 1963-லேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஜீன் ஹோல்ஸ்வொர்த் என்ற பெண் கால்நடை மருத்துவர் பதிவு செய்துவிட்டார். நம்ம தாத்தா-பாட்டி காலத்திலிருந்து பூனைகளோடு இருக்கிற வைரஸ் இது. மனிதருக்கு நோய் தருவதில்லை.

நான் இதைச் சொன்னதும் செகரட்டரி அங்கிள் மடக்கினார் பாருங்கள்... "அப்போ வண்டலூர் சிங்கத்துக்கு வந்தது?"

சூப்பர் கேள்வி! வந்தது உண்மை. 2021 மே மாசம் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்கு இருமல், சாப்பாட்டில் வெறுப்பு. 11 சிங்கங்களின் சாம்பிள் போபாலில் இருக்கும் உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகத்துக்குப் போனது. 9 சிங்கங்களுக்குப் பாசிட்டிவ். ஜூன் 3-ம் தேதி நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. ஜூன் 16-ல் பத்மநாதன் என்ற 12 வயது ஆண் சிங்கமும் போனது.

ஆனால், அது பூனைக் கொரோனா இல்லை. நம்ம கோவிட். நாலு சிங்கங்களின் வைரஸை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள். நாலுமே பி.1.617.2, அதாவது டெல்டா. அந்த மாதம் சென்னையை ஆட்டிப்படைத்த அதே டெல்டா! பூங்கா பொதுமக்களுக்கு மூடியிருந்த நேரம் அது. ஹைதராபாத் உயிரியல் பூங்காவில் எட்டு சிங்கங்களுக்குப் பாசிட்டிவ் வந்ததும் அதே மே மாசம்தான். ஊர் முழுக்க மனிதர்களிடம் பரவியிருந்த வைரஸ் கூண்டுக்குள் போய்ச் சேர்ந்தது. சிங்கம் காட்டிலிருந்து கொண்டுவந்து நமக்குக் கொடுக்கவில்லை.

எதிர்த்திசையில் ஒருபோதும் நடக்காதா? நடந்திருக்கிறது. 2021-ல் தாய்லாந்தில் கோவிட் வந்த ஒரு பூனைக்கு மூக்கில் சாம்பிள் எடுக்கும்போது, அது டாக்டர் முகத்திலேயே தும்மி, அவருக்குத் தொற்றியது. உலகம் முழுக்கத் தேடினாலும் இப்படிப்பட்ட சம்பவங்கள் அபூர்வம். அதுவும் கோவிட் வைரஸால்தான். சுண்டலுக்கு வந்தது அது இல்லை.

கேள்வி 2: மத்த பூனைக்குப் பரவுமா?

இங்கேதான் கதையில் ட்விஸ்ட். நான் எதிர்பார்த்ததற்கு நேர் தலைகீழ்!

பூனைக் கொரோனா பரவுவது தும்மலில் இல்லை, மலத்தில். ஒரே மணலில் நாலு பூனை போகும். மண் காலில் ஒட்டும். பூனைதான் நாள் முழுக்கத் தன்னையே நக்கிச் சுத்தம் செய்கிற ஜாதியாச்சே... வாய்க்குப் போய்விடும். பல பூனைகள் சேர்ந்து வாழும் இடங்களில் ரத்தப் பரிசோதனை செய்தால், 80, 90 சதவீதம் பூனைகளுக்குக்கூட இந்த வைரஸ் வந்துபோன தடயம் இருக்கும். அதாவது எங்கள் மாடிப்படியின் மற்ற நாலு பேருக்கும் இது ஏற்கெனவே வந்திருக்க நல்ல வாய்ப்பு. வந்தால் என்ன ஆகும்? ரெண்டு நாள் வயிற்றுப்போக்கு. நிறைய பூனைகளுக்கு அதுவும் கிடையாது.

அப்படியென்றால் சுண்டலுக்கு மட்டும் ஏன்?

நம்ம ரெக்கார்ட் நோட்டை யோசித்துப் பாருங்கள். முதல் பெஞ்ச் பையன் எழுதியதைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து இன்னொருத்தன் என அறுபது பேர் காப்பி அடிக்கிறோம். நடுவில் ஒருத்தன் தூக்கக் கலக்கத்தில் 'ரெசிஸ்டர்' என்பதை 'ரெஜிஸ்டர்' என்று எழுதிவிடுவான். அதற்குப் பின்னால் வருகிறவன் எல்லாம் ரெஜிஸ்டர்தான்! வைரஸும் இதையேதான் செய்கிறது. பூனைக் கொரோனாவின் ஆர்.என்.ஏ. சுமார் 29,000 எழுத்துள்ள ஒரு நோட்டு. பூனையின் குடலுக்குள் அது கோடிக்கணக்கில் காப்பி ஆகிறது. திருத்துவதற்கு வைரஸிடமே ஒரு புரூஃப் ரீடர் உண்டு. இருந்தும் எழுத்துப் பிழைகள் தப்பிவிடுகின்றன.

பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால், சில பிழைகள் சேர்ந்தால் வைரஸின் குணமே மாறிவிடும். அதுவரை குடல் சுவரில் மட்டும் வாழத் தெரிந்த வைரஸ், மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணுக்களுக்குள் பெருகக் கற்றுக்கொள்கிறது. மேக்ரோஃபேஜ் யார்? உடம்பின் போலீஸ்! திருடன் போலீஸ் ஜீப்பிலேயே ஏறி ஊர் முழுக்க ரவுண்டு வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது. உடம்பு பதறிப்போய் எல்லா இடத்திலும் சண்டை போட, ரத்தக் குழாய்கள் கசிந்து, நீர் வயிற்றில் சேர்கிறது. அதுதான் எஃப்.ஐ.பி. வைரஸ் வந்த பூனைகளில் சுமார் 5 முதல் 10 சதவீதத்துக்குத்தான் இப்படி ஆகும். அதிலும் ரெண்டு வயசுக்குக் குறைந்த குட்டிகள்தான் அதிகம்.

எந்தப் பிழை? ஸ்பைக் புரதத்தில் ஓரிரு இடங்கள், 3சி என்ற ஜீன்... இங்கெல்லாம் மாற்றங்கள் அடிக்கடி கிடைக்கின்றன. ஆனால் எல்லாப் பூனைக்கும் ஒரே பிழை இல்லை. 1998-ல் வெளியான ஒரு ஆராய்ச்சி என்ன காட்டியது தெரியுமா? எஃப்.ஐ.பி. வந்த பூனையின் வைரஸ், வேறு ஊரில் அதே நோய் வந்த பூனையின் வைரஸைவிட, தன் கூடவே வாழும் ஆரோக்கியமான பூனையின் குடல் வைரஸைத்தான் அதிகம் ஒத்திருந்தது. புரிகிறதா? அந்தக் கொடிய வைரஸ் வெளியூரிலிருந்து வந்து இறங்கவில்லை. ஒவ்வொரு நோயாளிப் பூனைக்குள்ளும் புதிதாகப் பிறக்கிறது. அப்படி மாறிய வைரஸ் வழக்கமாக மலத்தில் வெளியே வருவதும் இல்லை. சுண்டலின் பிழை சுண்டலோடுதான்.

அப்போ எப்போதுமே பயமில்லையா? ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆகணும். ஒரே பூனையை நாய்க் கொரோனாவும் பூனைக் கொரோனாவும் பிடித்தால், ரெண்டும் பக்கங்களை மாற்றிக்கொள்ளும். உன் நோட்டில் பாதி, என் நோட்டில் பாதி என்று பைண்டிங் செய்த மாதிரி. சைப்ரஸ் தீவில் 2023-ல் அப்படி ஒரு கலப்பு வைரஸ் கிளம்பியது. நாய் வைரஸின் ஸ்பைக்கை மாட்டிக்கொண்ட பூனைக் கொரோனா. எஃப்.ஐ.பி.யே நேராகப் பூனைக்குப் பூனை பரவி, ஏகப்பட்ட பூனைகள் இறந்தன. மனிதர்களின் கோவிட்டுக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்கலாம் என்று அந்த அரசாங்கமே 2023 ஆகஸ்டில் அனுமதித்தது! ஒரே தெருவில் நாலைந்து பூனைகள் அடுத்தடுத்து வயிறு வீங்கினால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். எங்கள் மாடிப்படியில் மற்ற நாலும் திமிராகத்தான் இருக்கின்றன.

ஆக, அஞ்சையும் பீச்சில் விட்டால் என்ன லாபம்? வைரஸ் குறையாது. இடம் மாறிய பயத்திலும் பட்டினியிலும் எதிர்ப்பு சக்தி விழும். வராத பூனைக்கும் நோய் வர நாமே வழி செய்த மாதிரி ஆகும். பசியில் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது, 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. இதைச் சொன்னபோது அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கேள்வி 3: பிழைக்குமா?

இதைக் கேட்டது மாமி.

சில வருடங்களுக்கு முன்னால் என்றால் பதில் ஒரே வார்த்தை: பிழைக்காது. எஃப்.ஐ.பி. என்றால் அநேகமாக மரணம், அதுவும் வயிற்றில் நீர் கோத்துவிட்டால் சில நாள், சில வாரம். 2019-ல்தான் கதை மாறியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் என்ற கால்நடை விஞ்ஞானி, பல வருடம் இந்த நோயோடு மல்லுக்கட்டியவர். அவரது குழு, இயற்கையாக எஃப்.ஐ.பி. வந்த 31 பூனைகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. ஐந்து பூனைகளை ஆரம்பத்திலேயே காப்பாற்ற முடியவில்லை. 26 பூனைகள் 12 வாரம் தாக்குப்பிடித்தன. சிலவற்றுக்கு நோய் திரும்பி வந்து மறுபடி மருந்து தர வேண்டியிருந்தது. ஆராய்ச்சி வெளியானபோது 24 பூனைகள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தன.

மருந்தின் பெயர் ஜி.எஸ்-441524. வைரஸ் காப்பி அடிக்கும்போது நடுவில் ஒரு போலி எழுத்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். காப்பி அங்கேயே நின்றுவிடும். அவ்வளவுதான் டெக்னிக்!

சரி, இது யாருக்குச் சொந்தம் தெரியுமா மக்களே? ரெம்டெசிவிருக்கு. ரெம்டெசிவிர் ரத்தத்தில் போனதும் பெரும்பாலும் இதுவாகத்தான் மாறுகிறது. எந்த ஊசிக்காகக் கீழ்ப்பாக்கத்தில் சென்னையே வரிசையில் நின்றதோ, அதே ஊசி! மனிதர்களின் உயிரைக் காப்பதில் அது பெரிதாகச் சாதிக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2020-லேயே சொல்லிவிட்டது. பூனைக் கொரோனாவிடம் மட்டும் அது சிங்கமாக வேலை செய்கிறது. ஆனாலும் வருடக்கணக்கில் உலகம் முழுக்கப் பூனை வளர்ப்பவர்கள் இதைக் கள்ள மார்க்கெட்டில்தான் வாங்கினார்கள். பிரிட்டனில் 2021-லும் அமெரிக்காவில் 2024-லும்தான் டாக்டர் சீட்டோடு முறையாகக் கிடைக்க வழி பிறந்தது.

இதை மாமியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மாமா படம் மாட்டியிருக்கிற அதே ஹாலில் உட்கார்ந்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அவருக்குக் கேக்கல. இவனுக்காவது கேக்கட்டும்டா" என்றார். கொலுவுக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். மீதிக்கு நான் உண்டியல் தூக்கினேன். எங்கள் கிளாஸில் பேக் பெஞ்ச் முழுக்க ஒரு வாரம் பஃப்ஸ் கட்.

இன்றைக்கு 58!

கணக்கு மொத்தம் 84 நாள். வயிற்றில் நீர் கோத்த பூனைகளில் பலவற்றுக்கு 42 நாளே போதும் என்று ஜெர்மனியில் 40 பூனைகளை வைத்து நடந்த ஆராய்ச்சி 2024-ல் சொன்னது. எங்கள் டாக்டர், "நாம ரிஸ்க் எடுக்க வேண்டாம்" என்றுவிட்டார். பி.சி.ஆரும் பாசிட்டிவ். முதலில் ஊசி, பிறகு மாத்திரை. தினமும் அதே நேரம். ஒரு வேளைகூட விடக்கூடாது. எடைக்கேற்ப மருந்தளவு மாறும் என்பதால் வாரா வாரம் எடை. எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியின் தராசில்தான்! "அரிசி நிறுக்கிற தட்டுலயா?" என்று முறைத்தார். இப்போது அவரே அடியில் போட ஒரு பழைய பேப்பரோடு ரெடியாக நிற்கிறார். முதல் வாரம் 2 கிலோ 100. போன ஞாயிறு 3 கிலோ. வயிறு வற்றிவிட்டது.

ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். 84 முடிந்தும் மூணு மாசம் நோய் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை மாமி காலண்டரில் ஒவ்வொரு தேதியாக அடித்துக்கொண்டிருக்கிறார்.

பீச் தீர்மானம்? வாபஸ். செகரட்டரி அங்கிளுக்கு இன்னமும் பூனை பிடிக்காதுதான். ஆனால் நேற்று லிஃப்டில் கேட்டார். "தம்பி, எத்தனாவது நாள்?"

நோட் பண்ணுங்க பாஸ்!

* ரத்தப் பரிசோதனையில் 'கொரோனா பாசிட்டிவ்' என்று வந்தாலே எஃப்.ஐ.பி. இல்லை. வைரஸ் வந்துபோனதற்கான தடயம், அவ்வளவுதான். அதை வைத்து எந்தப் பூனையையும் கைகழுவ வேண்டாம்.

* இளைப்பு, விடாத காய்ச்சல், பெருக்கும் வயிறு. இந்த மூன்றும் சேர்ந்தால் 'கர்ப்பம்' என்று நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் ஓடுங்கள். நாள்கள் முக்கியம்.

* சில பூனைகளுக்கு வயிற்றில் நீரே சேராது. கண்ணில் நிறமாற்றம், நடையில் தள்ளாட்டம் என்று வரும். அதுவும் எஃப்.ஐ.பி.யாக இருக்கலாம்.

* மணல் தட்டும் சாப்பாட்டுத் தட்டும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம். தினமும் மணலை அள்ளுங்கள். பூனைகளுக்குக் கருத்தடை செய்தால் கூட்டமும் சண்டையும் குறையும், வைரஸும் குறையும்.

* உங்களுக்கு ஜுரம், இருமல் என்றால் மியாவைக் கொஞ்சுவதற்கு ரெண்டு நாள் லீவு விடுங்கள். வண்டலூரை மறக்க வேண்டாம்.

அடுத்த வாரம் வேற மேட்டரோடு சந்திப்போம். அதற்குள் 65 ஆகியிருக்கும். வரட்டா? மாத்திரைக்கு நேரமாச்சு!